மிஸ் மக்லவுட் ரீல்: ஒரு ஃபிடில் மெட்டு, அதன் ஊர், அதன் பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மெட்டைப் பற்றிய பேச்சு இது?

அயர்லாந்தில் "மிஸ் மக்லவுட்ஸ் ரீல்" என்று சொல்லப்படும் நடன மெட்டு. ஃபிடில் (நம் வயலினேதான்), புல்லாங்குழல், டின் விசில் என்ற தகரக் குழல், அக்கார்டியன் என்று எதைக் கற்றுக்கொள்ளப் போனாலும் ஆரம்பப் பாடங்களிலேயே இது கைக்கு வந்துவிடும். அதனாலேயே கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இதைச் சின்னப் பிள்ளைகளின் சமாசாரம் என்று ஒதுக்குவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எளிமையான மெட்டு என்பது சரிதான். ஆனால் ஒரு மெட்டு எங்கே கிளம்பியது, யார் யார் கையில் ஏறி இறங்கியது, பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தேடப் போனால், இதைவிடச் சுவையான கதை உள்ள ரீல் கிடைப்பது கஷ்டம்.

முதலில், ரீல் என்றால் என்ன?

ஒரு நடனம், அந்த நடனத்துக்கான தாளம், அந்தத் தாளத்தில் அமைந்த மெட்டு ஆகிய மூன்றுக்கும் ஒரே பெயர்தான். நம் கணக்கில் சொன்னால் ரீல் நாலு நாலாக ஓடும் சதுஸ்ர நடை, ஜிக் என்ற இன்னொரு வகை மூன்று மூன்றாக ஓடும் திஸ்ர நடை. அயர்லாந்து நடன மெட்டுகளில் பெரும்பான்மை இந்த இரண்டு வகையில் அடங்கிவிடும்.

ரீலில் ஓர் ஆவர்த்தத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, எட்டு ஸ்வரம், இரண்டு தட்டு. எட்டு ஆவர்த்தம் சேர்ந்தால் ஒரு பகுதி. வழக்கமாக இரண்டு பகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பார்கள். மொத்தம் 32 ஆவர்த்தம். நடனத்துக்கு வாசிக்கும் வேகத்தில் இது அரை நிமிஷத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து. மூன்று முறை சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள்.

"ரீல்" என்ற சொல் எவ்வளவு பழையது?

சொல்லின் வேரைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பழைய பதிவுகளில் ஒன்று மட்டும் மறக்க முடியாதது. 1591-இல், ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் ஊர்ப் பெயரில் பேசப்படும் சூனியக்காரி வழக்குகளைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் அச்சானது. கெய்லிஸ் டங்கன் என்ற வேலைக்காரப் பெண் மோர்சிங் போன்ற ஒரு சின்னக் கருவியை வாயில் வைத்து ஒரு "ரீல்" வாசித்தபடி முன்னால் போக, மற்ற பெண்கள் பின்னால் ஆடிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. சித்திரவதையில் பிடுங்கிய வாக்குமூலம் அது. ஆறாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஆவல் தாங்கவில்லை. அந்தப் பெண்ணைத் தன் முன்னால் வரவழைத்து, அதே ரீலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விசாரணைக்கு நடுவே ராஜாவுக்குக் கச்சேரி!

ஆக, சொல்லும் ஆட்டமும் ஸ்காட்லாந்தில் நெடுநாள் இருந்தவை. அயர்லாந்துக்கு ரீல் வந்து வேர்விட்டது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்.

அப்படியானால் மிஸ் மக்லவுட் அயர்லாந்து மெட்டா, ஸ்காட்லாந்து மெட்டா?

அச்சுச் சான்று ஸ்காட்லாந்தின் பக்கம் இருக்கிறது. எடின்பரோவில் 1809-இல் வெளிவந்த கௌ குடும்பத்தின் ஐந்தாம் மெட்டுத் தொகுப்பில் இது இருக்கிறது. தலைப்பில் ராசே தீவின் மக்லவுட் குடும்பப் பெயர். கூடவே ஒரு சிறு குறிப்பு: ஸ்கை தீவின் அசல் ரீல், தந்தவர் திரு. மக்லவுட்.

இந்தத் தொகுப்புகளுக்குப் பெயர் கொடுத்த நீல் கௌ, பெர்த்ஷரின் இன்வர் கிராமத்துக்காரர். 1727-இல் பிறந்தவர், அந்தக் காலத்து ஸ்காட்லாந்தின் பெரிய ஃபிடில் வித்வான். ஐந்தாம் தொகுப்பு வந்தபோது அவர் இல்லை, 1807-இலேயே காலமாகிவிட்டார். எடின்பரோவில் இசைப் பதிப்புத் தொழில் நடத்திய மகன் நத்தானியேல்தான் அப்பா பெயரில் வேலையைத் தொடர்ந்தவர்.

அயர்லாந்துக்காரர்கள் இதைத் தங்கள் மெட்டு என்று சொன்னால் நான் தகராறுக்குப் போக மாட்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் வளர்ந்த பிள்ளை. பேச்சு, நடை, ஜாடை எல்லாம் அந்த வீட்டுச் சாயலாகவே மாறிவிட்டது.

இயற்றியவர் யார்?

அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. "தந்தவர் திரு. மக்லவுட்" என்ற குறிப்பை வைத்து அவர்தான் இயற்றினார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். ஸ்கை தீவில் வழங்கிவந்த மெட்டு என்று அந்தக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. நம் ஊரில் "செட்டியார் வீட்டுக் கிணறு" என்று சொல்வோம் இல்லையா? செட்டியார் வீட்டை ஒட்டிய கிணறு என்றுதான் அர்த்தம். வெட்டிய ஆட்களின் பெயரை யார் கேட்டார்கள்?

ராசே எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒல்லியான தீவு. நீளம் சுமார் 23 கிலோமீட்டர். நடுவில் டூன் கான் என்ற மலை. உச்சியைக் கத்தியால் சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும், உயரம் சுமார் 440 மீட்டர். இந்தத் தீவை ஆண்ட குடும்பம்தான் ராசே மக்லவுட்கள். 1745-46 கலகத்தில், தன் தந்தைக்காக பிரிட்டன் அரியணையைக் கேட்டு எழுந்த இளவரசர் சார்லஸ் பக்கம் நின்றதற்காக அரசுப் படைகள் தீவையே கொளுத்தின. பெரிய வீடும் எரிந்தது. பிறகு புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் புது வீட்டுக்கு 1773 செப்டம்பரில் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள்: அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல். இருவருமே பயணத்தைத் தனித்தனிப் புத்தகமாக எழுதினார்கள், இரண்டிலும் ராசே வருகிறது. போய் இறங்கிய அன்றைக்கே நடனம். கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி ஓரம் கட்டினார்கள், வாத்தியக்காரரைக் கூப்பிட்டார்கள், எல்லோரும் ஆட இறங்கினார்கள் என்று ஜான்சன் எழுதுகிறார். இரவுச் சாப்பாட்டு வேளைக்கு ஆட்டம் நின்றது, முப்பத்தாறு பேர் இரண்டு மேசையில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் கேலிக் மொழியில் பாடினார்கள். இத்தாலிய ஓபராவை ஆங்கிலேயர்கள் கேட்பதுபோல, வார்த்தை புரியாமல் ஓசையில் மட்டும் மகிழ்ந்ததாகச் சொல்கிறார் மனிதர். தீவின் தலைவரான ஜான் மக்லவுடும் உற்சாகமாக ஆடினார் என்பது பாஸ்வெல் தரும் தகவல். பாஸ்வெல் சும்மா இருக்கவில்லை, டூன் கான் மலையில் ஏறி அந்தத் தட்டை உச்சியிலேயே ஓர் ஆட்டம் போட்டுவிட்டு இறங்கினார்.

அன்று இந்த ரீல் வாசிக்கப்பட்டதா என்று கேட்காதீர்கள். அவர்கள் மெட்டுகளின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. ஆனால் இந்த மெட்டு ஏன் அந்த வீட்டின் பெயரோடு வெளியே போனது என்பதற்கு அந்தச் சுருட்டிய கம்பளமே எனக்குப் போதுமான விளக்கம்.

அந்த மிஸ் மக்லவுட் யார்?

கதை கட்ட நல்ல வாய்ப்பு. ஜான் மக்லவுடுக்கு மூன்று மகன்கள், பத்து மகள்கள். பத்துப் பேருமே ஒரு காலத்தில் "மிஸ் மக்லவுட்"தான்! மூத்தவள் ஃப்ளோரா அழகி என்று ஊரெல்லாம் பேச்சு, பாஸ்வெல்லும் அவளைப் புகழ்ந்திருக்கிறார். எனவே பலருக்கும் அவள் மேல்தான் கண் போகும். 1777-இல் ஜேம்ஸ் மியூர் கேம்ப்பெல் என்ற ராணுவ அதிகாரியை மணந்தாள். 1780-இல் ஒரு பெண் குழந்தையைப் பெற்ற கையோடு இறந்துபோனாள். மெட்டு அச்சேறும்போது அவள் போய் இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவளை நினைத்து வைத்த பெயர் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்தக் குழந்தையின் கதை மட்டும் நம் பக்கம் வருகிறது. அம்மாவின் பெயரையே தாங்கி வளர்ந்த ஃப்ளோரா, லௌடன் சீமாட்டி ஆனாள். அயர்லாந்தில் பிறந்த மொய்ரா பிரபுவை 1804-இல் மணந்தாள். அவர்தான் பிறகு ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பட்டத்தோடு, 1813 முதல் 1823 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். ராசே வீட்டில் வளர்ந்த எலிசபெத் ராஸ் என்ற உறவுக்காரப் பெண்ணும் இந்தியா வந்து, ஓவியர் சார்லஸ் டாய்லியை 1815-இல் கல்யாணம் செய்துகொண்டாள். கிளம்புவதற்கு முன்னால், 1812-இல், ராசேயில் கேட்ட சுமார் 150 மெட்டுகளை அவள் கைப்பட ஸ்வரப்படுத்தி வைத்தாள். அந்த நோட்டு இன்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அது எத்தனை இசை பழகிய வீடு என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

மிஸ் மக்லவுடா, மிஸஸ் மக்லவுடா?

ஸ்காட்லாந்தில் இன்றும் "ராசேயின் மிஸஸ் மக்லவுட்" என்றே பலர் சொல்கிறார்கள். அயர்லாந்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தீவின் பெயரும் உதிர்ந்துவிட்டது. செவிவழியாகப் போகும்போது ஒரு எழுத்து நழுவுவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்துத் தொகுப்புகளைப் புரட்டினால் லேடி இன்னார், மிஸ் இன்னார், கேப்டன் இன்னார் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். கௌ போன்றவர்கள் பெரிய வீடுகளின் நடன விருந்துகளில் வாசித்துப் பிழைத்தவர்கள். புத்தகம் போட முன்பணம் கட்டியவர்களும் அதே வீட்டுக்காரர்கள்தான். வீட்டுப் பெண்ணின் பெயரை ஒரு மெட்டுக்கு வைத்தால் அந்த வீட்டில் இரண்டு பிரதி கூடப் போகும். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரைப் போடுவது மாதிரிதான். விட்டால் வருத்தம், போட்டால் மொய்.

கடல் தாண்டி அயர்லாந்துக்கு எப்படிப் போனது?

தாண்ட வேண்டிய கடல் அப்படி ஒன்றும் பெரிதல்ல. மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். அச்சுப் புத்தகங்கள் போயின, படைவீரர்கள் போனார்கள். அயர்லாந்தின் வடமேற்கு மாவட்டமான டோனகலில் இருந்து அறுவடைக் கூலிக்கு ஸ்காட்லாந்து போனவர்கள் சம்பளத்தோடு மெட்டும் கொண்டுவந்தார்கள்.

எல்லோரையும்விட முக்கியமானவர் நடன வாத்தியார். ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் 1776 முதல் 1779 வரை அயர்லாந்தில் சுற்றிவிட்டு எழுதியதில் இவர்கள் வருகிறார்கள். ஏழைகளின் குடிசைகளில்கூட நடனம் இருந்ததாம். அவர்களைப் போன்ற எளிய ஆட்களே வாத்தியார்களாகக் குடிசை குடிசையாகப் போவார்கள். கூடவே பைப் என்ற துருத்திக் குழல் வாசிப்பவரோ கண் தெரியாத ஃபிடில்காரரோ இருப்பார். கட்டணம் மூன்று மாதத்துக்கு ஆறு பென்ஸ். புது ஆட்டம் கற்றுக்கொடுக்கப் புது மெட்டு வேண்டும். ரீல் பரவியது இப்படித்தான்.

அயர்லாந்தில் மெட்டு மாறியதா?

மாறியது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் சுருதி. ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை ஏ மேஜரில், அதாவது ஏ ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்து, வாசிப்பார்கள். ஃபிடிலின் நான்கு தந்திகளில் ஏ தந்தியும் ஈ தந்தியும் விரல் வைக்காமலே கூட ஒலிக்கும், சத்தம் கணீரென்று வரும். அயர்லாந்தில் ஒரு படி இறக்கி ஜி மேஜரில் வைத்துவிட்டார்கள். காரணம் ஃபிடிலில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது. அயர்லாந்தின் டின் விசில், சாவி இல்லாத மரப் புல்லாங்குழல், கையடியில் துருத்தி வைத்து வாசிக்கும் இலன் பைப் எல்லாமே பெரும்பாலும் டி சுருதியில் செய்யப்படுபவை. அவற்றில் ஜி மேஜர் சுலபம். ஏ மேஜருக்குத் தேவையான ஜி ஷார்ப் என்ற ஒரு ஸ்வரத்துக்குத் துளையைப் பாதி மூடித் தடுமாற வேண்டும். ஓடும் ரீலில் அதற்கு நேரம் ஏது? ஃபிடில்காரர் விட்டுக்கொடுத்தார், அவருக்கு அதில் நஷ்டமும் இல்லை. இப்போது அடித் தந்திகளான ஜியும் டியும் கூட ஒலிக்கின்றன. அதே மெட்டு சற்றுத் தணிந்த, வட்டமான குரலில் வருகிறது.

அடுத்து வில். ஸ்காட்லாந்து வாசிப்பில் வில் வெட்டி வெட்டி, மிடுக்காக நடக்கும். அயர்லாந்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கைகோத்து உருளும். நீளமாக நிற்கும் ஸ்வரத்தைச் சும்மா நிற்க விடமாட்டார்கள். மேல் ஸ்வரத்தையும் கீழ் ஸ்வரத்தையும் மின்னல் போலத் தொட்டு ஒரு சுழி போடுவார்கள், அதற்கு "ரோல்" என்று பெயர். நம் கமகம் போல இழைந்து அசையாது, காதுக்கு ஒரு சின்னத் தட்டாகவே கேட்கும். ஊருக்கு ஊர் இந்தப் பழக்கம் மாறும். டோனகல்காரர்களிடம் ஸ்காட்லாந்து மிடுக்கு மிச்சம் இருக்கிறது. மேற்குக் கரை மாவட்டமான கிளேரில் நிதானமும் அலையும் கூடுதல்.

கர்நாடக இசை காதுக்கு இது எப்படிக் கேட்கும்?

மேஜர் ஸ்கேல் என்றால் ஏறக்குறைய நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். முதல் ஆவர்த்தம் ஸா கஸ பஸ கஸ என்று கிளம்பும். சொல்லிப் பாருங்கள், குதிரை ஓடுவது போலத் தானாகக் கால் ஆடும். அதற்காக இதைச் சங்கராபரண ராகம் என்று சொல்லிவிட வேண்டாம். ராகத்துக்கு உரிய அசைவோ பிடியோ இதில் கிடையாது, ஸ்வர வரிசை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம் எழுதிய நோட்டுஸ்வரங்களைக் கேட்டவர்களுக்கு இந்த வகை நடை ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

நம் முறையில் வயலின் கற்றவர்கள் வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. நம் தந்திகள் ஸ–ப–ஸ–ப என்று கட்டப்பட்டவை. அங்கே ஜி–டி–ஏ–ஈ, எல்லாத் தந்திக்கும் நடுவே பஞ்சம இடைவெளி. நடுவில் தந்தி மாறியதும் விரல் தவறான இடத்தில் போய் நிற்கும். நானும் இப்படி மாட்டிக்கொண்டவன்தான். தந்தியை மாற்றிக் கட்டிக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் இதற்குப் பிசாசு பாட்டு என்று பெயராமே?

ஆமாம். குடியேறியவர்களோடு மெட்டு அங்கே போனதும் ராசேயும் மக்லவுடும் யார் நினைவிலும் இல்லை. வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. "ஜோ மாமா, ஜோ மாமா, எப்போதாவது பிசாசைப் பார்த்ததுண்டா?" என்று ஒரு வரி. காற்று அடிக்காதவரை மழையோ குளிரோ எனக்குக் கவலையில்லை என்று இன்னொரு வரி. அர்த்தம் தேட வேண்டாம், ஆடுவதற்கான வார்த்தைகள். தென் மாநிலங்களில் "ஹாப் ஹை லேடீஸ்" என்று இன்னொரு பெயர், பெண்களே உயரக் குதியுங்கள் என்று. பாஞ்சோ கலைஞர் அங்கிள் டேவ் மேக்கன் 1927-இல் அந்தப் பெயரில்தான் இசைத்தட்டுக் கொடுத்தார். பழைய பெயரையும் சில ஃபிடில்காரர்கள் விடவில்லை. ஒரே ஊரில் ஒருவர் மிஸ் மக்லவுட் என்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஜோ மாமா என்பார்.

மெட்டின் பெயருக்கும் இசைக்கும் சம்பந்தமே இல்லையா?

பெரும்பாலும் இல்லை. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "தூங்குமூஞ்சி மேகி" என்ற ரீல் தூக்கத்தைக் கெடுக்கும் வேகத்தில் ஓடும். அயர்லாந்தில் பெயர் ஒரு கைப்பிடி. மெட்டைத் தூக்கிக்கொண்டு போக ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் அது.

யாரிடம் கற்றாரோ அவர் பெயர் வைப்பது பரவலான வழக்கம். சொந்த ஊர் நினைவாக வைத்தவர்களும் உண்டு. கேவன் மாவட்டத்திலிருந்து ஃபிலடெல்பியா போய்ப் பிளம்பராக உழைத்த எட் ரீவி பல அருமையான மெட்டுகளைக் கட்டியவர். ஒன்றுக்குத் தன் ஊர்ப் பக்கத்து மாடபான் தேவாலயத்தின் பெயரை வைத்தார். இதற்கு நேர் எதிர் கால்வே மாவட்டத்துப் பேடி ஃபாஹி. 1916-இல் பிறந்து 102 வயதுவரை வாழ்ந்த இந்த விவசாயி, ஏக்கம் ததும்பும் மெட்டுகளை வரிசையாகக் கட்டினார், ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. விளைவு, எல்லாமே "பேடி ஃபாஹி ரீல்", "பேடி ஃபாஹி ஜிக்". எந்த ஃபாஹி என்று கேட்டால் இரண்டு ஆவர்த்தம் வாசித்துக் காட்டுவதைத் தவிர வழியில்லை.

இசைத்தட்டுக் காலமும் பெயர்களோடு விளையாடியது. ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து நியூயார்க் போன மைக்கேல் கோல்மன் 1934-இல் மூன்று ரீல்களை அடுத்தடுத்து ஒரே தட்டில் வாசித்தார்: டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானட். இன்றைக்கும் ஒருவர் முதலாவதை எடுத்தால் கூட இருப்பவர்கள் மற்ற இரண்டையும் அதே வரிசையில் தொடர்வார்கள். டார்போல்டன் என்பது கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இளமையில் பழகிய ஸ்காட்லாந்து ஊர். ஆனால் அயர்லாந்தில் யாரைக் கேட்டாலும் அது கோல்மன் மெட்டு என்றுதான் பதில் வரும்.

ஒரே மெட்டுக்கு நாலைந்து பெயர் இருந்தால் எது சரியான பெயர்?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஒரு போலீஸ்காரர். கார்க் மாவட்டத்தில் பாண்ட்ரி அருகே 1848-இல் பிறந்த பிரான்சிஸ் ஓ'நீல், உலகம் சுற்றிக் கடைசியில் சிகாகோ நகரக் காவல்துறையின் தலைவர் ஆனார். 1901 முதல் 1905 வரை பதவி. அயர்லாந்து வாத்தியக்காரர்கள் எங்கே கிடைத்தாலும் தேடிப் பிடிப்பார். அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் ஸ்வரப்படுத்துவார். 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தது, 1907-இல் 1,001 நடன மெட்டுகள் கொண்ட இன்னொன்று. இந்த இரண்டாவதை வாத்தியக்காரர்கள் வேதப் புத்தகம் போல வைத்துக்கொண்டார்கள்.

அச்சில் ஏற ஒரு மெட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டும் அல்லவா? பல பெயர்களில் ஒன்றைத் தேர்ந்து அவர் போட்டார், அது நிலைத்துவிட்டது. எனவே "சரியான பெயர்" என்று இன்று சொல்வதில் கணிசமான பங்கு சிகாகோவில் முடிவானது. நான் என்ன செய்வேன் என்றால், எந்த ஊரில் உட்கார்ந்து வாசிக்கிறார்களோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவேன்.

"கான் அனிம்" என்று ஒரு மெட்டு எல்லா இசைத்தட்டிலும் வருகிறதே?

அது ஒரு மெட்டு அல்ல. ஐரிஷ் மொழியில் "பெயரில்லாதது" என்று பொருள்.

காப்புரிமை உண்டா?

மிஸ் மக்லவுடுக்குக் கிடையாது, பொதுச்சொத்து. ஒரு குழு தன் பாணியில் பின்னணி அமைத்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவர்களுடையது. எட் ரீவி போன்ற அண்மைக்காலத்தவர்களின் மெட்டு என்றால் விசாரித்துவிட்டுத் தொடுங்கள்.

ராசே மக்லவுட்கள் இப்போதும் அங்கே இருக்கிறார்களா?

கடன் முற்றி 1840-களில் தீவை விற்றார்கள். கடைசித் தலைவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். வாங்கிய ஜார்ஜ் ரெய்னி, ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களையும் கிளப்பிவிட்டார். பெரிய வீடு மட்டும் நிற்கிறது, இப்போது அது விடுதி.

இந்த மெட்டு முடிகிற மாதிரியே இல்லையே, எப்படி நிறுத்துவது?

நல்ல காது உங்களுக்கு. ஜி சுருதியில் வாசிக்கும்போது வரி போய் நிற்கும் இடம் பல தடவை ஏ, அதாவது ரிஷபம். வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்காமல் நிற்பது போல. அடுத்த சுற்றின் முதல் ஸ்வரம் ஸட்ஜம் என்பதால், அதைத் தொட்டால்தான் நிம்மதி. ஆனால் அதைத் தொட்டதும் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. ஆடுபவர்கள் களைக்கும்வரை ஓட்ட வேண்டிய மெட்டுக்கு இது மிகவும் வசதி.

நிறுத்த வேண்டிய நேரத்தில் மெட்டை எடுத்தவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைப்பார், சிலர் ஒரு காலை லேசாகத் தூக்குவார்கள். சுற்று முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு ஜி ஸ்வரத்தை நீளமாக இழுத்து வில்லை எடுத்துவிடுவார்கள். தலையசைப்பைக் கவனிக்காத ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் தனியாக ஸா கஸ பஸ கஸ என்று அடுத்த சுற்றுக்குள் போய்விட்டு, பாதியில் முழித்துக்கொண்டு நிறுத்துவார்.